யப்பானின் பிறப்பு வீழ்ச்சியும் மற்றக் கைத்தொழில் நாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். சனத்தொகை அலகு தொடங்கினால் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள். யப்பானிய மொழி வகுப்புக்குப் போகும் பழைய மாணவர்கள், கொரியாவில் மகனை வைத்திருக்கும் தாய்மார், கோயில் வீதியில் மறித்துக் கதைக்கும் பெரியவர்கள் என்று எல்லோரிடமும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

யப்பானிலை பிள்ளை பிறக்கிறது குறைஞ்சு போச்செண்டு சொல்லுகினம். அப்பிடி எவ்வளவு குறைஞ்சது ரீச்சர்?

1949ஆம் ஆண்டு யப்பானில் ஏறத்தாழ 27 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. 2016இல் முதன்முறையாக அந்தத் தொகை 10 இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. 2024இல் யப்பானியப் பிரசைகளுக்குப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 6 இலட்சத்து 86 ஆயிரம். அதே ஆண்டில் இறந்தவர்கள் 16 இலட்சம் பேர்.

கழித்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் 9 இலட்சத்துக்கு மேல் குறைவு. 2012 குடிசன மதிப்பீட்டின்போது வட மாகாணம் முழுவதிலும் இருந்த மக்கள் ஏறத்தாழ 10 இலட்சத்து 60 ஆயிரம். மன்னாரிலிருந்து பருத்தித்துறை வரை உள்ள சனத்தில் பெரும் பங்குக்குச் சமமான ஒரு தொகை யப்பானில் ஒரு வருடத்தில் இல்லாமல் போகிறது.

பிறப்பு வீதம், கருவள வீதம் எண்டு ரெண்டு சொல்லுறீங்கள். ரெண்டும் ஒண்டுதானே?

ஒன்றல்ல. சோதனையில் அதிகம் பிழைக்கும் இடமும் இதுதான். ஒரு வருடத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்பது பிறப்பு வீதம். அந்த ஆயிரம் பேருக்குள் கிழவர்கள், சிறுவர்கள், ஆண்கள் எல்லோரும் அடக்கம். இளம் குடும்பங்கள் நிறைந்த ஒரு குடியேற்றக் கிராமத்தில் அது கூடித்தான் காட்டும். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய் முதியவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமத்தில் குறைத்துக் காட்டும். அதை வைத்து அந்தப் பெண்கள் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்று சொல்ல முடியாது.

மொத்தக் கருவள வீதம் வேறு. இந்த வருடத்தில் ஒவ்வொரு வயதுப் பெண்ணும் பிள்ளை பெறும் அளவு அப்படியே நீடித்தால், ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்ற கணக்கு அது. நாடுகளை ஒப்பிட இதைத்தான் எடுக்க வேண்டும். கீழே நான் 1.15, 0.72 என்று சொல்லும் எண்கள் எல்லாம் இதுதான்.

அதென்ன 2.1? பிள்ளையிலை பத்திலொரு பங்கு எப்பிடி?

சனத்தொகை குறையாமல் நிற்க ஒரு பெண் சராசரியாகப் பெற வேண்டிய அளவுதான் 2.1. மாற்றீட்டு மட்டம் என்பது இதைத்தான். தாயும் தகப்பனும் போகும்போது அவர்களின் இடத்துக்கு இருவர் வேண்டும். அதுதான் 2. இயற்கையிலேயே 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பிறந்த பெண் பிள்ளைகளிலும் சிலர் தாயாகும் வயதுக்கு முன் இறந்து விடுகிறார்கள். அந்த இரண்டையும் ஈடுசெய்யத்தான் மேலதிக 0.1. சிசு மரணம் கூடிய நாட்டுக்கு 2.1 போதாது.

உலகத்திலேயே யப்பான்தான் ஆகக் குறைவோ?

இல்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். யப்பான் 2024இல் 1.15. தென்கொரியா 2023இல் 0.72, அடுத்த வருடம் சற்று ஏறி 0.75. சிங்கப்பூர் 2024இல் 0.97. ஸ்பெயின் 2023இல் 1.12, அதாவது யப்பானை விடவும் குறைவு. இத்தாலி 1.18. எங்கள் சனம் போய்க் குடியிருக்கும் நாடுகளையும் பாருங்கள்: கனடா 2023இல் 1.26, சுவிஸ் 2024இல் 1.29, ஜேர்மனி 1.35, நோர்வே 1.44. மேல் வரிசையில் இருக்கும் பிரான்சும் அமெரிக்காவும்கூட 1.6 அளவில்தான். பணக்கார நாடுகளில் 2.1ஐத் தாண்டி நிற்பது என்றால் இஸ்ரேலைத்தான் சொல்லலாம். அங்கே ஏறத்தாழ 2.9.

அப்படியானால் ஏன் யப்பானின் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது? வீழ்ச்சி அங்கே முந்தியே வந்து, நெடுங்காலம் நீடித்தது. வெளியிலிருந்து ஆட்களை எடுத்து அதை மூடி மறைக்கவும் இல்லை. இன்று அங்கே 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். இத்தாலியில் 24 பேர். யப்பானை ஒரு விசித்திர நாடாக அல்ல, வரிசையில் முன்னுக்கு நடந்தவராகப் பாருங்கள் என்றுதான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எப்ப இருந்து குறையத் தொடங்கினது? சண்டை முடிஞ்ச உடனேயோ?

இரண்டாம் உலகப் போர் முடிந்த உடனே கூடியது. படையினரும் குடியேறிகளும் திரும்பி வந்தார்கள், தள்ளிப்போன கலியாணங்கள் நடந்தன. 1947இல் கருவள வீதம் 4.54. இதை எங்கள் மண்ணில் சொல்லி விளக்கத் தேவையில்லை. முகாமிலிருந்து திரும்பிய பிறகு எத்தனை வீடுகளில் ஒரே காலத்தில் தொட்டில் கட்டினார்கள் என்று இங்கே எல்லோரும் கண்டிருக்கிறோம்.

ஆனால் பத்தே வருடத்தில், 1957இல், யப்பானின் எண் 2.04 ஆகிவிட்டது. பாதிக்கும் கீழே. நாடு சிதைந்திருந்தது, உணவும் வீடும் தட்டுப்பாடு. 1948இல் வந்த சட்டமும் அடுத்த வருடத் திருத்தமும் பொருளாதாரக் காரணத்துக்காகக் கருக்கலைப்பை அனுமதித்தன. பிறகு பிறப்புக் கட்டுப்பாட்டு முறைகளும் பரவின. அமெரிக்காவை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே போருக்குப் பிந்திய பிறப்புப் பெருக்கம் 1946 தொடக்கம் 1964 வரை நீண்டது. யப்பானில் அது மூன்றே வருடம். அந்த மூன்று வருடப் பிள்ளைகள் இன்று எழுபதுகளின் பின்பாதியில் இருக்கிறார்கள். பராமரிப்பு வேலைக்கு ஆள் தேடி யப்பான் எங்கள் பொடியளின் வாசல் வரை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன் பிறகு 1970களின் தொடக்கம் வரை 2ஐ ஒட்டியே மேலும் கீழுமாக நின்று, 1974இல் 2.05 ஆகி மாற்றீட்டு மட்டத்தை விட்டு ஒரேயடியாக இறங்கியது. பிறகு அந்த மட்டத்துக்கு ஏறவே இல்லை. ஐரோப்பாவின் கதை இன்னும் நீளம். பிரான்சில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குடும்பங்கள் சிறுக்கத் தொடங்கிவிட்டன. அவர்கள் நூறு வருடத்துக்கு மேல் எடுத்து இறங்கிய படியை யப்பான் ஒரு தலைமுறைக்குள் இறங்கியது.

யப்பான்காரரும் எங்களை மாதிரிச் சாத்திரம் பாத்துப் பிள்ளை பெறுறவையோ?

ஒரு வருடம் பார்த்தார்கள், அது கணக்கிலேயே விழுந்திருக்கிறது. அவர்களின் 60 வருடச் சுற்றில் நெருப்புக் குதிரை வருடம் என்று ஒன்று உண்டு. அந்த வருடம் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கை. "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லி எங்கள் பெண் பிள்ளைகளின் சம்பந்தத்தைக் குழப்புகிறார்களே, அதே அநியாயம். 1965இல் 18 இலட்சத்துக்கு மேல் பிறந்த நாட்டில் 1966இல் 13 இலட்சத்து 60 ஆயிரம்தான் பிறந்தது. கருவள வீதம் 1.58. அடுத்த வருடமே பழையபடி ஏறிவிட்டது.

1989இன் எண் வெளிவந்தபோது அது 1.57. எந்தக் குதிரை வருடமும் இல்லை, சாத்திரமும் இல்லை, ஆனாலும் 1966ஐ விடக் குறைவு. அதை அங்கே "1.57 அதிர்ச்சி" என்றார்கள். அரசு விழித்தது அப்போதுதான். 60 வருடம் கழித்து அதே நெருப்புக் குதிரை 2026இல் திரும்பி வருகிறது.

அங்கத்தைப் பெண்டுகளுக்குப் பிள்ளை வேண்டாமெண்ட நினைப்போ? படிச்சு வேலைக்குப் போறதாலைதானே இந்த வினை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

யப்பானில் கலியாணம் செய்து பல வருடம் வாழ்ந்த தம்பதிகள் இன்றும் சராசரியாக ஏறத்தாழ 1.9 பிள்ளைகள் பெறுகிறார்கள். முன்பு 2.2. குறைவுதான், ஆனால் நாட்டின் எண்ணை 1.15க்கு இழுத்தது இது மட்டும் அல்ல. கலியாணமே நடப்பதில்லை. 50 வயது வரை ஒருமுறையும் மணமுடிக்காத ஆண்கள் 1970இல் 100க்கு இரண்டு பேர்கூட இல்லை. 2020இல் 28 பேர். பெண்கள் 18 பேர். அதோடு யப்பானில் மணமாகாத பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் 100க்கு இரண்டு அளவுதான். பிரான்சில் பாதிக்கும் மேல். சட்டப்படி மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்வது அங்கே வழமை. ஆகவே கலியாணம் பிந்தினால் பிரான்சில் பிறப்பு அந்த அளவுக்கு அடிபடாது. யப்பானிலும் கொரியாவிலும் நேரே அடிபடும். எங்கள் ஊரும் இந்த விஷயத்தில் யப்பான் பக்கம்தான்.

ஏன் கலியாணம் நடப்பதில்லை? நிரந்தரமில்லாத வேலையில் இருக்கும் இளைஞனுக்குப் பெண் அமைவதில்லை. பெண்ணுக்கோ, முதல் பிள்ளையோடு வேலையை விட்டுவிட்டால் திரும்ப அதே படியில் ஏற முடியாத தொழில் முறை. இரவு வரை அலுவலகத்தில் இருக்கும் கணவன். வீட்டு வேலையும் முதியவர் பராமரிப்பும் அவள் தலையில். பெண்கள் படித்து வேலைக்குப் போவதுதான் காரணம் என்றால் சுவீடனில்தான் ஆகக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் 2010 அளவில் சுவீடனும் பிரான்சும் 2ஐத் தொட்டு நின்றன. பெண்கள் குறைவாக வேலைக்குப் போன இத்தாலி 1.5க்கும் கீழே நின்றது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு யார் தோள் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்ப சுவீடன் மாதிரி அரசாங்கம் காசும் லீவும் குடுத்தாப் பிறக்கும்தானே?

ஓரளவுக்குத்தான். பத்து வருடத்துக்கு முன் நானும் "ஓம்" என்றுதான் படிப்பித்தேன். சுவீடனில் ஒரு பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவருக்குமாக 480 நாள் கொடுப்பனவுடன் விடுமுறை. பிரான்சில் 3 வயதிலிருந்தே பாடசாலை கட்டாயம். இவை பிள்ளை வளர்ப்பை உண்மையிலேயே இலகுவாக்கின. ஆனால் சுவீடன் 2024இல் 1.43க்கு வந்துவிட்டது. அதே மாதிரித் திட்டங்கள் உள்ள பின்லாந்து 2010இல் 1.87, 2024இல் 1.25. வரிச்சலுகையும் கடனும் அள்ளிக் கொடுத்த ஹங்கேரி 1.25இலிருந்து ஏறி 1.6ஐ நெருங்கி, திரும்ப 1.4க்குக் கீழே வந்துவிட்டது. யப்பானில் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு இடமில்லாமல் காத்திருந்த குழந்தைகள் 2017இல் 26 ஆயிரம், இப்போது 3 ஆயிரத்துக்கும் குறைவு. பிறப்பு ஏறவில்லை.

அதனால் அந்த உதவிகள் வீண் என்று சொல்லாதீர்கள். பிறந்த பிள்ளையும் பெற்ற தாயும் நன்றாக இருப்பதற்கு அவை வேண்டும். அந்தக் காரணமே போதும்.

என்ர மகன் கொரியாவிலை. அங்கை பள்ளிக்கூடங்களைப் பூட்டுறாங்களாம். உண்மையோ?

உண்மை. கிராமப் பக்கத்தில் நிறையப் பூட்டிவிட்டார்கள். 1960இல் கொரியப் பெண் சராசரியாக 6 பிள்ளை பெற்றாள். "இரண்டு போதும்" என்று அரசே வீடு வீடாகப் பிரசாரம் செய்தது. 1983இல் 2.1க்குக் கீழே. 2018இல் 1க்குக் கீழே. 2023இல் 0.72, பிறந்த பிள்ளைகள் 2 இலட்சத்து 30 ஆயிரம். 5 கோடிச் சனம் உள்ள நாட்டில் இவ்வளவுதான்.

யப்பானுக்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் கொரியாவிலும் உண்டு, இன்னும் இறுக்கமாக. நாட்டின் பாதிச் சனம் சியோலையும் அதன் சுற்றுப்புறத்தையும் மொய்த்திருக்கிறது, வீட்டு விலை எட்டாது. மற்றது ரியூசன். ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோக ஆகும் செலவைப் பார்த்தே இரண்டாவதை நினைக்கப் பயப்படுகிறார்கள். கிளிநொச்சியில் விடிய ஆறு மணிக்கு ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளைக் காணும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இல்லை.

பிந்திக் கலியாணம் கட்டினால் பிந்திப் பெறுவினம்தானே? அப்ப இந்தக் கணக்குப் பிழையாக் காட்டாதோ?

நல்ல கேள்வி. கருவள வீதத்துக்கு நான் மேலே சொன்ன வரைவிலக்கணத்திலேயே "இந்த வருடத்து அளவு நீடித்தால்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லோரும் ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் அந்த ஐந்து வருடமும் எண் விழுந்து காட்டும்.

மழை பிந்தி, காலபோக விதைப்பும் பிந்தினால் காணி தரிசு என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. ஆனால் மார்கழியும் போய்விட்டால் பிறகு விதைத்துப் பயனில்லை. யப்பானில் நடந்தது இரண்டும் கலந்தது. பிள்ளை பெறும் வயதைக் கடந்துவிட்டவர்களை எண்ணிப் பார்த்தால் இது தெரியும். 1970களின் நடுவில் பிறந்த யப்பானியப் பெண்களுக்குச் சராசரி ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. அதே வயதுச் சுவீடன் பெண்களுக்கு இரண்டை அண்டி. சுவீடன்காரர் பிந்தி விதைத்தார்கள். யப்பானில் ஒரு பகுதி விதைபடாமலே போனது.

1974இலேயே 2.1க்குக் கீழை போனதெண்டால், 2008 மட்டும் சனம் எப்பிடிக் கூடினது?

முன்பு பிறந்த பெருந்தொகையினர் அப்போது தாய் தகப்பனாகும் வயதில் இருந்தார்கள். ஆளுக்கு ஒன்றரைப் பிள்ளை என்றாலும் பெறுபவர்களின் தொகை பெரிது, இறக்கும் வயதில் இருந்தவர்களின் தொகை சிறிது. ஆயுளும் கூடிக்கொண்டு போனது. ஓடிவந்த சைக்கிள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்சத் தூரம் போகுமே, அதுபோல் 34 வருடம் போய், 12 கோடி 80 இலட்சத்தில் நின்று, பின்பக்கம் உருளத் தொடங்கியது. இனி நாளைக்கே 2.1 வந்தாலும் உடனே நிற்காது. பெறும் வயதுப் பெண்களே குறைந்துவிட்டார்கள்.

வெளிநாட்டுச் சனத்தைக் கூப்பிட்டாச் சரிதானே? கனடா அப்பிடித்தானே செய்யுது?

கனடாவின் எண் யப்பானுடையதைவிடப் பெரிதாகக் கூடவில்லை, ஆனாலும் சனம் பெருகியது. அங்கே நாலில் ஒருவருக்குக் கிட்ட வெளிநாட்டில் பிறந்தவர். யப்பானில் 2024 முடிவில் வெளிநாட்டவர் 37 இலட்சத்துக்கு மேல், 100க்கு மூன்று பேர். ஆனால் வந்தவர்களும் கிழவர்களாவார்கள், அவர்களும் சீக்கிரமே அந்த நாட்டு அளவுக்குத்தான் பெறுவார்கள். உங்கள் குடும்பத்தில் ரொறன்ரோவில் இருக்கும் சித்திக்கு எத்தனை பிள்ளை, சூரிச்சில் இருக்கும் மாமிக்கு எத்தனை பிள்ளை என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றை நான் யாரும் கேட்காமலே சொல்வேன். யப்பானின் முதலாம் வகைத் திறன் தொழிலாளர் விசா ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கொரிய வேலை விசாவும் 4 வருடம் 10 மாதம், அதுவும் தனியே. போவது 22, 25 வயதுப் பிள்ளைகள். பிள்ளை இல்லாத நாடு எங்கள் பிள்ளைகளை எடுக்கிறது, அவர்கள் பிள்ளை பெறும் வயதைத் தானே வைத்துக்கொள்கிறது. போக வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை, கடனும் காணியும் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு எந்த நாட்டின் அட்டவணையிலும் தனி வரியாக வருவதில்லை.

இலங்கை கைத்தொழில் நாடில்லையே. இஞ்சை ஏன் குறையுது?

கைத்தொழில் வராமலே குறைந்த நாடுகளில் இலங்கை முன்னணி. 1950களில் 5க்கு மேல், 1987இல் 2.8, 2016இல் 2.2. இலவசக் கல்வி, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நீடித்தது, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், சிசு மரணம் குறைந்தது, கலியாண வயது ஏறியது ஆகியவைதான் இதைச் செய்தன. இவை நல்ல காரணங்கள். வகுப்பில் ஒருமுறை எல்லோரையும் மூன்று தலைமுறை எண்ணச் சொன்னேன். விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கொப்பியில் அம்மம்மாவுக்கு ஒன்பது கோடு போட்டு, அதில் மூன்றைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். மூன்றும் தவழ முன் போனவை. அம்மாவுக்கு நாலு கோடு, ஒரு வட்டமும் இல்லை.

2020க்குப் பிந்திய வீழ்ச்சிதான் என்னைக் கவலைப்படுத்துவது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 3 இலட்சத்துக்கு மேல் பிறப்புப் பதிவு, 2024இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம். நாலு வருடத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இது முந்திய காரணங்களால் வந்த மெல்லிய இறக்கம் அல்ல. பொருளாதார நெருக்கடியும் இளையவர்கள் நாட்டை விட்டுப் போனதும் இதில் இருக்கின்றன. யப்பான் பணக்கார நாடாகிய பிறகு முதுமைப்பட்டது. நாங்கள் அதற்கு முன்னமே முதுமைப்படுகிறோம்.

எங்கடை சனம் குறையுது, பெண்டுகள் கூடப் பெறவேணும் எண்டு மேடையிலை சொல்லுகினம். சரியோ?

வன்னியில் சனம் குறைந்தது பெண்கள் பெறாததால் அல்ல. கொல்லப்பட்டார்கள், இடம்பெயர்ந்தார்கள், கடல் கடந்தார்கள். முல்லைத்தீவில் 1981இல் ஏறத்தாழ 77 ஆயிரம் பேர், 2012இல் 92 ஆயிரம். 31 வருடத்தில் அவ்வளவுதான். 2024இல் 1 இலட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல். இந்தக் கடைசிக் காலத்தில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த மாவட்டம் அதுதான். இந்த ஏற்ற இறக்கத்தை யப்பானின் வளைகோட்டோடு வைத்து ஒப்பிட்டால் ஒன்றுமே விளங்காது.

மேடையில் கேட்டுக்கொண்டு முன்வரிசையில் இருப்பவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எண்ணிக்கை கேட்பதை என்னால் ஏற்க முடியாது.

ரீச்சர், மகள் ஒண்டு போதுமெண்டு நிக்கிறாள். நான் என்னெண்டு சொல்லுறது?

இதைக் கேட்ட அம்மாவின் மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள். விடிய ஐந்தரைக்கு பஸ், வீட்டுக்கு வர இருட்டிவிடும். மருமகன் கட்டாரில். பேத்திக்கு இரண்டரை வயது, முன்பள்ளிக்கு எடுக்க இன்னும் காலம் இருக்கிறது. சுவீடன், யப்பான் எல்லாம் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டாவது பிறந்தால் பகலில் யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டேன். "எனக்கு முழங்கால் ஏலாது பிள்ளை" என்றார். அப்படியானால் மகளுக்கும் அதுதான் யோசனையாக இருக்கும், அவளிடமே கேளுங்கள் என்றேன்.